அச்சம் அறியாத சிற்றுயிர்

ஃபெரட் என்னும் விலங்குக்குத் தமிழில் பெயர் இல்லை. நம் நிலத்தில் அது வாழ்ந்ததில்லை. ஆகவே பெயரிடும் தேவையும் எழவில்லை. ஊரிலிருந்து வருபவர்களிடம் விளக்க நேரும்போது கீரி என்றோ மரநாய் என்றோ சொல்லிச் சமாளிக்கலாம். இரண்டுமே பிழை. கீரியும் மரநாயும் பூனைக்கு நெருங்கிய கிளையைச் சேர்ந்தவை. ஃபெரட்டோ நாயும் கரடியும் அடங்கிய கிளையில் வருவது. நாம் அறிந்த விலங்குகளில் அதற்கு நெருங்கிய உறவு காவிரியில் நீந்தும் நீர்நாய்தான். ஒரு நீர்நாயைச் சுருக்கி, மெலியச் செய்து, கரையேற்றி, வீட்டுக் கூடத்தில் விட்டால் ஏறக்குறைய ஃபெரட் கிடைத்துவிடும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒன்றரை அடிக்குச் சற்று அதிகம். ஆண் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ எடையிருக்கும். பெண் ஏறக்குறைய அதில் பாதி.

அதன் ஆங்கிலப் பெயருக்கு மூலமான இலத்தீன் சொல்லுக்குச் 'சிறு திருடன்' என்று பொருள். இரண்டு ஃபெரட்டுகளோடு ஆறாண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில், இதைவிடப் பொருத்தமாக எந்த உயிருக்கும் பெயர் வைக்கப்பட்டதில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நாங்கள் பென்சில்வேனியாவில் குடியிருந்த அடுக்ககத்தில் நாய்க்கு அனுமதியில்லை. கூண்டில் அடைக்கத்தக்க சிறு விலங்குகளை வளர்க்கலாம் என்று வாடகை ஒப்பந்தம் சொன்னது. அருகிலிருந்த விலங்குக் காப்பகத்தில், ஊர் மாறிப்போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற இரண்டு ஃபெரட்டுகள் இருந்தன. ஆணுக்கு இரண்டு வயது, கரும்பழுப்பு நிறம். பெண்ணுக்கு ஒரு வயது. வெளிறிய உடல், வெண்ணிறத் தலை. மகள் ஆணுக்கு மிளகு என்றும் பெண்ணுக்குச் சுக்கு என்றும் பெயர் வைத்தாள். தொலைபேசியில் செய்தி கேட்ட அம்மா, "ஏண்டா, பெருச்சாளியைப் போயா காசு கொடுத்து வாங்கினே?" என்றார். படம் அனுப்பினேன். அதன்பிறகும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

*

நம் மரபில் வீட்டில் வளரும் கீரிக்கு ஓர் இடம் உண்டு. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியைத் தாய் ஐயுற்றுக் கொன்ற கதை பஞ்சதந்திரத்தில் வருகிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் மாடலன் வாய்மொழியில் வருகிறது. அந்தக் கீரி காவலன். எதற்கு அஞ்ச வேண்டும், எதை எதிர்க்க வேண்டும் என்பதை அறிந்தது. ஃபெரட்டைக் காணும்போது நாமும் அப்படி ஒரு காவலனையே எதிர்பார்க்கிறோம். ஆனால் அது யாரையும் காப்பதில்லை. அதைத்தான் காக்க வேண்டியிருக்கிறது. இதன் காரணத்தைத் தேடிப் போனால் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் போல்கேட் என்றொரு காட்டு விலங்கு உண்டு. ஃபெரட் அதன் வழிவந்தது. முயல் வளைக்குள் நுழைந்து முயல்களை வெளியே துரத்துவதற்காக மனிதன் அதைப் பழக்கினான். வளையின் பிற வாய்களில் வலை விரித்துக் காத்திருப்பார்கள். ஃபெரட் உள்ளே சென்றதும் முயல்கள் பதறி வெளியே வந்து வலையில் விழும். கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ, ஐபீரிய நாட்டில் லிபியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இத்தகைய சிறு விலங்குகளுக்கு வாய்க்கட்டு கட்டி வளைக்குள் அனுப்பியதை எழுதியிருக்கிறார். வாய்க்கட்டுக்குக் காரணம் உண்டு. உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டால் ஃபெரட் அங்கேயே படுத்து உறங்கிவிடும். வேட்டைக்காரன் மண்ணைத் தோண்டி அதை எடுக்க வேண்டியிருக்கும். ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலேரிக் தீவுகளில் முயல்கள் பெருகி விளைச்சலை அழித்தபோது, அந்த மக்கள் பேரரசர் அகஸ்டஸிடம் படையுதவி கேட்டார்கள் என்று பிளினி எழுதுகிறார். முயல் வேட்டையில் இந்த விலங்குக்கு இருந்த மதிப்பையும் அங்கேயே குறிப்பிடுகிறார். ஒரு படை செய்ய வேண்டிய வேலையை இரண்டு கிலோ எடையுள்ள உயிர் செய்தது.

இருண்ட வளைக்குள், தன்னைவிடப் பெரிய விலங்கு இருக்கக்கூடிய இடத்துக்குள், தயங்காமல் நுழைய வேண்டும். வெளியே வந்ததும் மனிதக் கையில் அடங்க வேண்டும். இந்த இரண்டு குணங்களையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால் எஞ்சுவது ஒன்றுதான்: அச்சமின்மை. விலங்கியலாளர் டி. பி. பூல் 1972இல் போல்கேட்டையும் ஃபெரட்டையும் அவற்றின் கலப்பினத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். புதிய சூழலிலும் மனிதர் முன்னும் போல்கேட்டிடம் தோன்றும் அச்சம் ஃபெரட்டிடம் இல்லை என்பது அதில் வெளிப்பட்ட முக்கியமான வேறுபாடு. உடலமைப்பில் இரண்டுக்கும் பெரிய மாறுதல் இல்லை. அச்சம் மட்டும் கழன்று விழுந்திருக்கிறது.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் அல்ல. அவ்விடத்தின் நுட்பம் எனக்கு விளங்கியது மிளகைப் பார்த்த பிறகுதான்.

*

வீட்டுக்கு வந்த முதல் நாள் கூண்டைத் திறந்ததும் மிளகு வெளியே வந்தான். பூனையென்றால் கட்டிலுக்கடியில் இரண்டு நாள் ஒளிந்திருக்கும். இவன் கூடத்தின் நான்கு மூலைகளையும் முகர்ந்தான். என் காலணிக்குள் நுழைந்து மறுபுறம் வழியில்லை என்று கண்டு திரும்பினான். பிறகு என் காற்சட்டைக்குள் புகுந்து முழங்கால்வரை ஏறினான். துளை என்று ஒன்று இருந்தால் அதற்குள் நுழைந்தே ஆக வேண்டும் என்பது அவன் குருதியில் எழுதப்பட்ட ஆணை. அந்த வீட்டில் முயல் இல்லை. ஆனாலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஃபெரட்டின் நடத்தை ஒவ்வொன்றையும் இந்த வேலையின் எச்சமாகவே பார்க்க முடிகிறது. தரைவிரிப்பின் ஓரத்தை மணிக்கணக்கில் தோண்டும். அகப்பட்டதை இழுத்துச் சென்று இருட்டில் பதுக்கும். ஒருமுறை நீள்சாய்விருக்கையை நகர்த்தியபோது எங்களுக்குக் கிடைத்தவை: பதினோரு ஒற்றைக் காலுறைகள், கார்ச் சாவி, தொலைக்காட்சியின் தொலைவியக்கி, கொலுவுக்கு வைத்திருந்த செட்டியார் பொம்மை, காய்ந்துபோன ஒரு கேரட். காலுறைகள் ஒரு குவியலாகவும் மற்றவை தனியாகவும் இருந்தன. அந்தக் களஞ்சியத்தை நாங்கள் கலைத்ததை மிளகு பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு காலுறையாக மீண்டும் இழுத்துவர ஆரம்பித்தான். கோபமோ வருத்தமோ தெரியவில்லை. வேலை மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு அழைக்கும்போது அவை ஆடும் ஆட்டத்தை ஆங்கிலத்தில் போர் நடனம் என்கிறார்கள். முதுகு வில்லாக வளையும், வாய் திறந்திருக்கும், வால்மயிர் புட்டி கழுவும் தூரிகைபோலச் சிலிர்த்து நிற்கும். பக்கவாட்டிலும் பின்னோக்கியும் துள்ளும். எங்கே போகிறோம் என்று பார்ப்பதில்லை. நாற்காலிக் காலில் மோதி விழும். எழுந்து மறுபடியும் துள்ளும். தொண்டைக்குள்ளிருந்து 'டுக் டுக்' என்று அடைக்கோழியின் முனகலைப்போல ஓர் ஒலி வரும். முதன்முதலில் காண்பவர்கள் வலிப்பு வந்துவிட்டதாக எண்ணுவார்கள். அது மகிழ்ச்சி. இத்தனை வெளிப்படையாக மகிழும் விலங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அரைமணி நேர ஆட்டத்துக்குப் பிறகு உறக்கம். ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம்வரை உறங்கும். சில வேளைகளில் அந்த உறக்கத்திலிருந்து எழுப்பவே இயலாது. தூக்கினால் ஈரத்துணிபோலத் தொங்கும்; தலை சாயும்; உதடு நெகிழும். இறந்துவிட்டதென்று மகள் அழுதுகொண்டே என்னிடம் கொண்டுவந்த நாள் உண்டு. ஒரு நிமிடம் கழித்துச் சுக்கு கொட்டாவி விட்டாள். பகைவர் உண்டு என்று அறிந்த உயிர் எதுவும் அப்படி உறங்காது.

*

ஃபெரட் கடிக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். கடிக்கும். குட்டிகள் ஒன்றையொன்று பிடரியில் கவ்வித்தான் விளையாடுகின்றன. அவற்றின் பிடரித்தோல் தடித்தது. நம் விரல்தோல் அப்படியில்லை. இந்த வேறுபாட்டை யாராவது பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். கற்றபின் பெரும்பாலானவை கடிப்பதில்லை. மிளகு ஒருபோதும் கடித்ததில்லை, நக்குவான். சுக்கு வந்த புதிதில் இருமுறை குருதி வரக் கடித்தாள். காரணம் பிறகு தெரிந்தது. அவளுக்குக் காது கேட்காது. தலையில் வெண்மை மிகுந்த ஃபெரட்டுகளிடம் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம் என்று மருத்துவர் விளக்கினார். நாங்கள் நெருங்குவது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன்பின் தொடுவதற்குமுன் புறங்கையை அவள் மூக்கருகே கொண்டுசெல்வதை வழக்கமாக்கினோம். முகர்ந்து, இன்னார் என்று அறிந்துகொள்வாள். பிறகு கடித்ததேயில்லை.

நாயின் விசுவாசம் என்று நாம் சொல்வது ஃபெரட்டிடம் இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் மிளகு வருவான். ஆனால் யார் அழைத்தாலும் வருவான். கதவு திறந்தால் திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விடுவான். வழி தெரிந்து வீடு திரும்பும் வழக்கமும் அவனுக்கில்லை. பூனையின் தன்மதிப்பும் அதனிடம் இல்லை. அதனிடம் உள்ளது எல்லார்மீதும் எல்லாவற்றின்மீதும் சமமாகப் பரவிய நம்பிக்கை. தனக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டோம் என்ற பெருமையை வளர்ப்பவருக்கு அது தருவதில்லை. தொடக்கத்தில் இது எனக்குச் சிறிது ஏமாற்றமாக இருந்தது. நாளடைவில், கைம்மாறாக எதையும் தராத ஓர் உயிரைப் பேணுவதில் ஒரு விடுதலை இருப்பதை உணர்ந்தேன்.

எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை. ஃபெரட்டோ முழு ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது. உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். சோறும் பருப்பும் தயிரும் அதை வாழவைக்கா. இறைச்சியால் செய்த உலர் உணவை வாங்கிவைத்தோம். அந்த வாடை சமையலறையை அடைந்தபோது என் மனைவியிடம் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தேன். "அதன் உணவு அதற்கு. நம் விரதத்தை அதன் தலையில் கட்ட முடியுமா?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

*

அஞ்சாத உயிரைக் கண்டு அரசுகள் அஞ்சுகின்றன. கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் ஃபெரட் வளர்க்கத் தடை உண்டு. நியூயார்க் நகரம் 1999இல் தடைவிதித்தது. அவ்வாண்டு வானொலி நிகழ்ச்சியொன்றில் அழைத்து வாதாடிய ஃபெரட் ஆர்வலரிடம், உளவியல் உதவி நாடும்படி மேயர் ரூடி ஜூலியானி சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. 2015இல் அந்நகரின் சுகாதார வாரியம் தடையை நீக்க மறுத்தது.

நியூசிலாந்தின் கதை வேறு. அங்கே அச்சத்துக்குக் காரணம் உண்டு. முயல்களை ஒழிக்க 1880களில் ஃபெரட்டுகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். தரைவாழ் ஊனுண்ணிகளையே அறியாமல் பரிணமித்த பறவைகளின் நாடு அது. கிவிக்கு ஃபெரட்டிடம் அஞ்சத் தெரியவில்லை. வளர்ந்த கிவியையே கொல்ல வல்லது ஃபெரட். 2002இலிருந்து அங்கே அதை விற்கவும் இனம்பெருக்கவும் தடை. மனிதன் அச்சத்தை அகற்றிய விலங்கும், தீவின் தனிமை அச்சத்தை அகற்றிய பறவையும் எதிர்ப்பட்டன. அழிந்தது பறவை. அந்தச் சந்திப்பை ஏற்படுத்தியவர்கள் இரண்டும் அல்லாத வேறொருவர்.

*

மனிதன் இந்த விலங்கின் உடலிலும் ஆழமாகக் கைவைத்திருக்கிறான். இணைசேராத பெண் ஃபெரட்டின் சினைப்பருவம் தானாக முடிவதில்லை. நீளும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுந்து எலும்பு மச்சை நலிந்து குருதி வற்றி இறந்துபோகவும் கூடும். காட்டில் துணை கிடைத்துவிடும், கூண்டில் கிடைக்காது. ஆகவே கருத்தடை செய்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பண்ணைகளில் பிறப்பவற்றுக்குச் சில வாரக் குட்டியாக இருக்கும்போதே செய்துவிடுகிறார்கள். இவ்வளவு இளமையில் செய்வதற்கும் பிற்காலத்தில் வரும் அட்ரினல் சுரப்பி நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஒரு சாவைத் தவிர்க்கச் செய்வது இன்னொரு நோய்க்கு வாயிலாகிறது. ஆயுளே ஆறு முதல் எட்டு ஆண்டுகள்தான்.

மிளகுக்கு வந்தது வேறு. ஆறாம் வயதில் ஒரு மாலை நடுக்கூடத்தில் நின்று வெறித்துப் பார்த்தான். பின்னங்கால்கள் தளர்ந்தன, வாயில் எச்சில் வழிந்தது, முன்னங்காலால் வாயைப் பிராண்டினான். கணையத்தில் தோன்றும் இன்சுலினோமா என்னும் கட்டி. வயது முதிர்ந்த ஃபெரட்டுகளிடம் மிகச் சாதாரணமானது. கட்டி இன்சுலினைப் பெருக்க, குருதியில் சர்க்கரை வீழ்ந்துவிடும். ஈற்றில் தேனைத் தடவ வேண்டும் என்றார் மருத்துவர். பிரெட்னிசோலோன் கொடுத்தோம். நான்கு மணி நேரத்துக்கொருமுறை உணவு, இரவிலும். பதினான்கு மாதங்கள் இப்படிப் போயின. தேன்புட்டி பூசை அலமாரிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இடம்பெற்றது. மயக்கம் தெளிந்த சில நிமிடங்களில் அவன் மீண்டும் காலுறை தேடிப் புறப்படுவான். நாளை மறுபடியும் வீழக்கூடும் என்ற எண்ணம் அவனிடம் இல்லை. அது எங்களிடம் இருந்தது.

கடைசி வாரத்தில் தேனும் பயன்தரவில்லை. மருத்துவர் ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று மெல்லக் கேட்டார். எங்கள் ஊரில் மாடும் நாயும் தம் சாவைத் தாமே சாகும். அருகிருந்து நீர் வார்ப்பதே நம் கடமை என்று கேட்டு வளர்ந்தவன் நான். இன்னோர் உயிரின் நாளைக் குறிக்கும் உரிமை எனக்கு உண்டா என்ற கேள்வி அன்றிரவு முழுதும் இருந்தது. விடிகையில் வேறொன்று தோன்றியது. இவனுடைய நாள் ஒவ்வொன்றையும் மனிதர்களே குறித்திருக்கிறார்கள். பிறப்பை ஒரு பண்ணை குறித்தது; கருவற்றவனாக்கும் நாளை யாரோ குறித்தார்கள்; கூண்டு திறக்கும் வேளையை நான் குறித்தேன். இந்த ஒன்றில் மட்டும் இயற்கையின் பின்னே ஒளிந்துகொள்வது நேர்மையாகாது. ஒப்புதல் தந்தேன். மேசைமீது வைத்தபோதும் அவன் மருத்துவரின் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான்.

உடலைச் சுக்குவிடம் காட்டும்படி காப்பகத்துப் பெண்மணி சொல்லியிருந்தார். துணையைக் காணாமல் தேடித் தேடி இளைக்கும் ஃபெரட்டுகள் உண்டாம். சுக்கு வந்தாள், காதையும் பிடரியையும் முகர்ந்தாள், பிடரியைக் கவ்வி ஒருமுறை இழுத்தாள். பிறகு விலகிப்போய்ப் படுத்தாள். அதைத் துக்கம் என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. மூன்று வாரங்கள் அவள் ஆடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

*

அச்சத்தை ஓர் உயிரிடமிருந்து அகற்றிவிட்டால் அது அழிந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது. ஃபெரட் துறந்த அச்சத்தை அதை வளர்ப்பவர் சுமக்கிறார். சாய்வு நாற்காலியின் விசைக்குள் புகுந்து நசுங்கிய ஃபெரட்டுகள் பல. ஆகவே அந்த நாற்காலியை விற்றோம். ரப்பரைக் கடித்து விழுங்கினால் குடல் அடைபடும். ஆகவே மகள் தன் அழிப்பான்களைப் பூட்டிவைத்தாள். வெயில் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் தாங்காது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வந்தால் பிழைப்பது அரிது.

மனிதருக்கு வரும் இன்ஃபுளுவென்சாவும் அதற்கு வரும். 1933இல் லண்டனில் அந்த வைரஸை மனிதரிடமிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளுக்கு நோயைத் தொற்றவைத்துத்தான். அந்த ஆய்வின் தொடர்ச்சியில் 1936இல், நோயுற்ற ஃபெரட் ஒன்று முகத்தில் தும்மியதால் ஆய்வாளர் சார்லஸ் ஸ்டூவர்ட்-ஹாரிஸுக்கே காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால் சுக்குவின் அறைக்குள் போவதில்லை.

இவ்வளவையும் சுமந்து ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. புதிதாக யாரும் வளர்க்கத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காப்பகங்களில் ஏற்கெனவே இருப்பவை இருக்கின்றன; காட்டுக்குத் திரும்பும் வழி அவற்றுக்கு இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த ஒப்பந்தத்தில் நம் பங்கு இன்னும் தீரவில்லை.

சுக்குவுக்கு இப்போது ஏழு வயது. துணிதுவைக்கும் இயந்திரத்தை ஓடவிடுவதற்குமுன் அவள் எங்கே உறங்குகிறாள் என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அழுக்குத் துணிக் கூடையின் அடியில்தான் இருப்பாள். புறங்கையை மூக்கருகே நீட்டுகிறேன். கண்ணைத் திறக்காமலே முகர்கிறாள். பிறகு மீண்டும் உறங்கிப்போகிறாள்.